வேலி தாண்டிய இசைத்தட்டு

இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நாம் முதலில் பார்ப்பது அதன் நடுவே ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டைத்தான். பாடியவர் யார், பாட்டு என்ன, அது எந்த வகையைச் சேர்ந்தது என்பனவற்றையெல்லாம் அச்சீட்டு நமக்குச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகே ஊசியை வைக்கிறோம். வானொலியிலோ முறை வேறு. அங்கே குரல் முதலில் வருகிறது. பாடியவர் பெயரை அறிவிப்பாளர் சொன்னால்தான் உண்டு. அவர் எந்த நிறத்தவர், எந்தக் குலத்தவர் என்பது சொல்லப்படாமலே போகவும் கூடும். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பழைய இசைத்தட்டின் வரலாற்றை விளங்கிக்கொள்ள அது உதவும்.

1965ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்த மோட்டவுன் நிறுவனம் ஒரு நெடுந்தட்டை வெளியிட்டது. பாடியவர்கள் சுப்ரீம்ஸ் என்ற குழுவினர்: டயானா ராஸ், ஃபிளாரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன் என்ற மூன்று கறுப்பினப் பெண்கள். தட்டின் பெயர் "சுப்ரீம்ஸ் பாடும் கன்ட்ரி, வெஸ்டர்ன், பாப்" என்பது. அதில் பதினொரு பாடல்கள். ஏறத்தாழ அரைமணி நேரத்தில் முழுவதையும் கேட்டுவிடலாம்.

இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். சுப்ரீம்ஸ் குழுவினரின் இசையை அந்நாட்டார் "சோல்" என்பர். ஆன்மா என்று அதற்குப் பொருள். கறுப்பின மக்களின் மாதாகோயில் வழிபாட்டுப் பாடல்களையும், அவர்களுடைய துயர இசையாகிய புளூஸையும் தாயாகக் கொண்டு பிறந்தது அது. "கன்ட்ரி" எனப்படுவதோ தென் மாநிலங்களின் மலைப்புறத்திலும் பண்ணைகளிலும் வாழ்ந்த வெள்ளையர்களின் இசை என்று கருதப்பட்டது. பிடிலும் கிதாரும் பாஞ்சோவும் அதன் கருவிகள். பிரிந்த காதலும் விட்டுவந்த வீடும் அதன் பொருள்கள். "வெஸ்டர்ன்" என்பது மேற்குப் புல்வெளியில் மாடு மேய்ப்பவர்களின் வாழ்வைப் பாடுவது. தொழில் நகரமொன்றின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த கறுப்பின நங்கையர் இவற்றைப் பாடினார்கள் என்றால், அயலார் வீட்டு உடைமையை எடுத்து ஆண்டார்கள் என்றே அக்காலத்தில் பலர் எண்ணியிருப்பர். உண்மை அதுவன்று. அதை அறிய நாம் நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1920ஆம் ஆண்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி பாடிய புளூஸ் தட்டொன்று பெருந்தொகையாக விற்றது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதை வணிகர் அப்போதுதான் கண்டுகொண்டனர். உடனே அவர்களுக்கென்று தனி வரிசை தொடங்கி, அதற்கு "இனத் தட்டுகள்" என்று பெயரிட்டனர். 1923ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்துப் பிடில்காரர் ஜான் கார்சனின் தட்டு விற்பனையானதும், மலைநாட்டு வெள்ளையர்களுக்கென்று இன்னொரு வரிசை எழுந்தது. இரண்டு வரிசைகளுக்கும் வெவ்வேறு விலைப்பட்டியல்கள், வெவ்வேறு விளம்பரங்கள். இரண்டிலும் முன்னின்று பாடகர்களைத் தேடிப் பதிவு செய்தவர் ரால்ஃப் பீர் என்ற ஒரே மனிதர் என்பது கவனிக்கத்தக்கது. வேலியை நட்டது கலை அன்று; கணக்கேடு.

1949ஆம் ஆண்டில் பில்போர்டு என்ற வணிக இதழ் தன் விற்பனைப் பட்டியல்களின் பெயர்களை மாற்றியது. "இனத் தட்டுகள்" என்பது "ரிதம் அண்ட் புளூஸ்" ஆயிற்று. மலைநாட்டாரின் இசை "கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்" ஆயிற்று. பெயர்கள் மதிப்புடையனவாயின. ஆயினும் வேலி நின்ற இடத்திலேயே நின்றது.

மண்ணுக்கு அடியில் வேர்கள் எவ்வாறு இருந்தன? கன்ட்ரி இசையின் அடையாளமாகக் கருதப்படும் பாஞ்சோவையே எடுத்துக்கொள்வோம். அதன் முன்னோர் ஆப்பிரிக்கக் கருவிகள். சுரைக்குடுக்கையின் வாயில் தோலைப் போர்த்தி, கழுத்தாக ஒரு கோலைச் செருகி, நரம்பு கட்டி மீட்டிய கருவிகள் அவை. வீணைக்கும் தம்பூராவுக்கும் சுரைக்குடுக்கையைப் பயன்படுத்தும் நமக்கு இது எளிதில் விளங்கும். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் அக்கருவியின் நினைவைத் தம்மோடு கொண்டுசென்றனர். கைவிலங்கு பூட்டியவர்களால் அந்த நினைவைப் பறிக்க முடியவில்லை.

மனிதர்களின் கதையும் அப்படியே. கன்ட்ரி இசையின் முதற்குடும்பம் என்று போற்றப்படும் கார்ட்டர் குடும்பத்தாரில் ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகச் சென்று பழம்பாடல்களைத் திரட்டியபோது, உடன் சென்று மெட்டுகளை நினைவில் வாங்கிவந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்க் கலைஞர். பின்னாளில் கன்ட்ரி இசையின் தலைமகனாக விளங்கிய ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறு வயதில் இசை பயிற்றியவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர்.

நாஷ்வில் நகரத்து டபிள்யூ. எஸ். எம். வானொலி நிலையம் 1925ஆம் ஆண்டில் தொடங்கிய சனிக்கிழமை இரவு இசை நிகழ்ச்சி பின்னர் "கிராண்ட் ஓல் ஆப்ரி" எனப் பெயர் பெற்றது. அதன் தொடக்க கால நட்சத்திரங்களுள் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. வாயிசைக் கருவியாகிய ஹார்மோனிகாவில் புகைவண்டியின் ஓட்டத்தை அப்படியே எழுப்பிக் காட்டிய கறுப்பினக் கலைஞர் அவர். 1941ஆம் ஆண்டில் அவர் அந்நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பின்பு அதே நகரில் காலணிகளுக்கு மெருகிட்டுப் பிழைத்தார். 1982ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடமளிக்கப்பட்டது 2005ஆம் ஆண்டில்.

1932ஆம் ஆண்டில் அந்த நிலையத்தின் ஆற்றல் 50,000 வாட்டாக உயர்ந்தது. இரவு வேளையில் மத்திய அலை ஒலிபரப்பு மேல்வானத்து மின்மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் பல நூறு மைல் செல்லும். பள்ளியிலும் பேருந்திலும் உணவு விடுதியிலும் வெள்ளையர் இடம் வேறு, கறுப்பர் இடம் வேறு என்று சட்டம் வகுத்திருந்த தென் மாநிலங்களில், அந்த அலை எல்லா வீட்டுக் கூரைமீதும் ஒன்றுபோலவே இறங்கிற்று. ஃபிளாரிடா மாநிலத்துச் சிற்றூரில் பார்வையிழந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் அதைக் கேட்டு வளர்ந்தான். மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் கழனியில் பாடுபட்ட இன்னொரு சிறுவனும் தந்தையின் வானொலிப் பெட்டியில் அதைக் கேட்டான். முன்னவர் ரே சார்லஸ். பின்னவர் சார்லி பிரைட்.

1962ஆம் ஆண்டில் ரே சார்லஸ் கன்ட்ரி பாடல்களை மட்டுமே கொண்டு ஒரு நெடுந்தட்டு வெளியிட விரும்பினார். உள்ள ரசிகர்களையும் இழக்க நேருமே என்று இசை வணிகம் அறிந்தவர்கள் அஞ்சினர். அவர் தம் விருப்பத்தை விடவில்லை. அத்தட்டு அமெரிக்காவில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. டான் கிப்சன் இயற்றிய கன்ட்ரி பாடலொன்றை அவர் பாடியது தனிப்பாடல் பட்டியலில் 5 வாரங்கள் முதலிடம் பெற்றது. வேலிக்கு இருபுறமும் ஒரே பாட்டை விரும்பும் மக்கள் இருக்கிறார்கள் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

இத்தகைய முயற்சிகளுக்கு நெடுந்தட்டு என்ற புதுமை எவ்வாறு இடமளித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. அரக்கினால் ஆனவை, அவ்வரக்கில் பெரும்பகுதி நம் இந்திய நாட்டுக் காடுகளிலிருந்து சென்றது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றே அடங்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டு அரக்கு கிடைப்பது அருமையாயிற்று. போருக்குப் பின், 1948ஆம் ஆண்டில், கொலம்பியா நிறுவனம் வினைல் என்ற செயற்கைப் பொருளாலான 12 அங்குலத் தட்டை வெளியிட்டது. அது நிமிடத்துக்கு 33 1/3 முறையே சுழலும். வினைல் நுண்மையான பொருளாதலால் பள்ளங்களை நெருக்கமாகவும் மெல்லியனவாகவும் வெட்ட முடிந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கிற்று.

தனிப்பாட்டுத் தட்டு ஒரே பாட்டைக் கொண்டு விற்பனையாக வேண்டியது. ஆகவே அது எந்தப் பட்டியலுக்கு உரியது என்பதை வணிகர் முதலிலேயே தீர்மானித்துவிடுவர். நெடுந்தட்டிலோ ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பாடல்களால் விரித்துக் காட்டலாம். கேட்பவர் அரைமணி நேரம் உடன் அமர்ந்திருப்பார். பழக்கமில்லாத ஒன்றைப் பழக்கப்படுத்த அந்த அரைமணி நேரம் போதுமானது.

இனி மோட்டவுனுக்கு வருவோம். பெர்ரி கார்டி என்ற கறுப்பின இளைஞர் தம் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் பெற்று 1959ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. மேற்குக் கிராண்டு பெருஞ்சாலையில் ஒரு சாதாரண வீடே அதன் பதிவு நிலையம். கறுப்பினக் கலைஞர்களின் இசை எல்லா இல்லங்களிலும் ஒலிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்நகரின் பிரூஸ்டர்–டக்ளஸ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த நம் மூன்று பெண்களும் பள்ளிப் பருவத்திலேயே அங்கே சென்று வாய்ப்புக் கேட்டனர். 1961ஆம் ஆண்டு ஜனவரியில் ஒப்பந்தம் கிடைத்தது. சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் ஃபிளாரன்ஸ். ஆயினும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர்களுடைய தட்டு எதுவும் பெருவெற்றி பெறவில்லை. வெற்றி காணாத சுப்ரீம்ஸ் என்று நிறுவனத்தாரே கேலி பேசினர்.

கன்ட்ரி நெடுந்தட்டின் பாடல்களில் பெரும்பாலானவை அந்த ஏளனக் காலத்திலேயே பதிவு செய்யப்பட்டவை. அதைத் தயாரித்தவர் கிளாரன்ஸ் பால். வட கரோலினா மாநிலத்து வின்ஸ்டன்–சேலம் நகரிலிருந்து வந்த கறுப்பின இசையமைப்பாளர் அவர். சிறுவர் ஸ்டீவி வொண்டருக்கு அந்நிறுவனத்தில் ஆசானாகவும் காவலராகவும் இருந்தவர். இத்தட்டின் பாடல்களில் பலவற்றை இயற்றியவரும் அவரே. "சன்செட்" என்ற பாட்டு அவரும் ஸ்டீவியும் சேர்ந்து இயற்றியது. பிறர் பாட்டை எடுத்துப் பாடியதோடு இத்தட்டு நிற்கவில்லை. தெற்கில் பிறந்த கறுப்பினக் கலைஞர் ஒருவர் தாமே கன்ட்ரி பாடல்களை எழுதி, தம்மவரைக் கொண்டு பாடுவித்தார்.

பிறர் இயற்றிய பாடல்களும் உண்டு. புல்வெளியில் காற்றில் உருண்டோடும் முட்செடியைப் பாடும் பாட்டு பாப் நோலன் இயற்றியது. காலம் நழுவிப்போவதைப் பற்றிய பாட்டு வில்லி நெல்சன் இயற்றியது. ஜோ ஹின்டன் என்ற கறுப்பினப் பாடகரும் 1964ஆம் ஆண்டில் அதைப் பாடி வெற்றி பெற்றார். ஒரே பாட்டு இருபுறமும் நடமாடியதற்கு இதுவும் சான்று.

ஆயினும் இத்தட்டில் நாம் நின்று கேட்க வேண்டிய பாட்டு ஒன்றுண்டு. "இட் மேக்ஸ் நோ டிஃபரன்ஸ் நௌ" என்பது அதன் பெயர். இனி எதனாலும் எனக்கு ஒன்றுமில்லை என்பது அத்தலைப்பின் பொருள். டெக்சாஸ் மாநிலத்துப் பாடகர் ஃபிளாய்ட் டில்மன் அதை இயற்றினார். 1938ஆம் ஆண்டில், கையில் காசில்லாத நிலையில், 300 டாலருக்கு அதன் உரிமையை ஜிம்மி டேவிஸ் என்ற பாடகருக்கு விற்றுவிட்டார். பாட்டு நாடெங்கும் பரவிற்று. பாடகர் டேவிஸ் அரசியலிலும் இறங்கி, லூசியானா மாநிலத்தின் ஆளுநராக இருமுறை பதவி வகித்தார்.

அவருடைய இரண்டாம் ஆட்சிக் காலத்தில், 1960ஆம் ஆண்டு நவம்பரில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்க வேண்டுமென்ற நீதிமன்றக் கட்டளை நடைமுறைக்கு வந்தது. ஆளுநர் டேவிஸ் சட்டமன்றத்தின் தனிக் கூட்டங்களைக் கூட்டி அதைத் தடுக்க முயன்றார். ஆறு வயதுச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ், கூவி இகழ்ந்த கூட்டத்தின் நடுவே, மத்திய அரசின் காவலர்கள் சூழப் பள்ளிக்குள் நடந்து சென்றது அந்த நாட்களில்தான்.

அந்த டேவிஸின் பெயரைத் தாங்கிய பாட்டை ரே சார்லஸ் 1962ஆம் ஆண்டிலேயே பாடியிருந்தார். பின்னர் சுப்ரீம்ஸ் பாடினர். அவர்களுடைய பெரும்பாலான பாடல்களில் டயானா ராஸ் முன்னின்று பாட, மற்ற இருவரும் பின்பாட்டுப் பாடுவதே வழக்கம். இந்தப் பாட்டிலோ மூவரும் முறைவைத்து முன்னின்று பாடுகின்றனர். டயானாவின் குரல் மெல்லியது, கூரியது. ஃபிளாரன்ஸின் குரல் வழிபாட்டு மன்றத்தின் அகலமும் வலிவும் உடையது. மேரியின் குரல் இவ்விரண்டுக்கும் இடையே தண்ணென்று படர்வது. பள்ளியில் கறுப்பினக் குழந்தைகள் சேர்வதைத் தடுக்க முயன்றவரின் பெயரைத் தாங்கிய பாட்டு, கறுப்பினப் பெண்களின் நாவில் தடையின்றிப் புகுந்து வெளிவருகிறது. அவர்கள் இதை எதிர்ப்பாகக் கருதிப் பாடினார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல பாட்டு என்று கருதிப் பாடினார்கள். அவ்வாறு கருதும் உரிமையே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

தட்டு வெளிவந்த வேளையையும் நோக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு ஆகஸ்டில் சுப்ரீம்ஸ் முதன்முறையாக அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றனர். 1965ஆம் ஆண்டு ஜூனுக்குள் தொடர்ந்து ஐந்து பாடல்கள் முதலிடம் பெற்றுவிட்டன. அதே 1965ஆம் ஆண்டு மார்ச்சில் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் தடியடி பட்டனர். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. இந்தப் பரபரப்புகளுக்கிடையே கன்ட்ரி நெடுந்தட்டு அவர்களுடைய மற்ற வெற்றிகளின் அளவுக்குப் பேசப்படவில்லை. குறைகளும் அதில் உண்டு. சில பாடல்களில் பின்னணி இசை நகர்ப்புறப் பாங்கில் மென்மையாக்கப்பட்டிருப்பதால், கன்ட்ரி இசையின் கரடுமுரடான அழகு குன்றிவிடுகிறது. தலைப்பிலேயே மூன்று வகைகளைச் சேர்த்துக்கொண்டது, ஒரு காலை ஆற்றிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்ததை ஒக்கும். ஆயினும் முதற்பாலம் உறுதியற்றதாக இருப்பது இயல்புதானே.

மூவரின் பிற்கால வாழ்வு ஒன்றுபோல் அமையவில்லை. 1967ஆம் ஆண்டில் ஃபிளாரன்ஸ் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். குழுவுக்குப் பெயர் சூட்டியவர் அவர். ஆனால் வறுமையுற்று, அரசின் உதவித் தொகையை நாடும் நிலைக்கு வந்து, 1976ஆம் ஆண்டில் 32ஆம் வயதில் காலமானார். டயானா 1970ஆம் ஆண்டில் பிரிந்து தனித்துப் புகழ்பெற்றார். மேரி இறுதிவரை குழுவைக் காத்து நின்று, 2021ஆம் ஆண்டில் மறைந்தார். ஃபிளாரன்ஸ் முன்னின்று பாடிய பதிவுகள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தாங்கியிருப்பதனாலேயே இந்தத் தட்டு ரசிகர்களுக்கு அருமையாகிறது.

அவர்கள் சென்ற வழியில் பிறரும் வந்தனர். சார்லி பிரைட் 1971ஆம் ஆண்டில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் தலைசிறந்த கலைஞர் விருதைப் பெற்றார். 1974ஆம் ஆண்டில் பாயின்டர் சகோதரிகள் தாமே எழுதிய கன்ட்ரி பாட்டை கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலேயே பாடி, மறு ஆண்டு கன்ட்ரி பிரிவில் கிராமி பரிசு பெற்றனர். 2024ஆம் ஆண்டில் பியான்சே வெளியிட்ட "கௌபாய் கார்ட்டர்" 2025ஆம் ஆண்டில் சிறந்த கன்ட்ரி நெடுந்தொகுப்புக்கான கிராமி பரிசைப் பெற்றது. அப்போதும், இது கன்ட்ரி தானா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

இத்தகைய பழைய தட்டு எவரிடமேனும் இருந்தால், அதைக் காப்பது கடினமன்று. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும். புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயிலும் சூடும் ஆகா. பள்ளங்களைத் தொடாமல் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். பாடுவதற்கு முன் மெல்லிய தூரிகையால் தூசியைத் துடைக்க வேண்டும். ஊசி தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு பக்கத்து ஒலிகள் தனித்தனியே வரையப்பட்டிருப்பதால், ஸ்டீரியோ தட்டுக்குத் தேய்ந்த ஊசி பெரும்பகை.

இவ்வளவும் செய்த பின், ஒரு நாள் மாலை வீட்டில் இளைஞர் யாரேனும் இருக்கும்போது, நடுவிலுள்ள சீட்டைக் காட்டாமல் அந்தப் பாட்டை வைத்துப் பாருங்கள். பாடுகிறவர்கள் யார், எந்த ஊர், எந்த நிறம் என்று ஒன்றும் சொல்ல வேண்டாம். பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள். ஃபிளாரன்ஸின் பெயரையும் மறவாமல் சொல்லுங்கள்.